வாக்குச் சீட்டு சொல்லும் செய்தி

பலர் போட்டியிடும் தேர்தலில் ஒருவர் பெயருக்கு எதிரே முத்திரையிட்டோ, பொத்தானை அழுத்தியோ வாக்களிப்பதே நாம் நன்கு அறிந்த முறை. அவ்வாறு அளிக்கப்பெறும் வாக்கு, ‘இவர் எனக்கு வேண்டும்’ என்னும் ஒரே செய்தியைத் தாங்கி நிற்கிறது. மற்றவர்களுள் எவரை வாக்காளர் பொறுத்துக்கொள்வார், எவரை அறவே வேண்டார் என்பதை அவ்வாக்கு கூறுவதில்லை. ஆதலால் அத்தகைய தேர்தலின் முடிவை அறிவிப்பது எளிய செயல். ஒவ்வொருவரும் பெற்ற வாக்குகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, மிகுதியாகப் பெற்றவர் பெயரின்கீழ்க் கோடிட்டுவிட்டால் வேலை முடிந்துவிடும்.

விருப்ப வரிசைத் தேர்தல் என்பது இதனின் வேறானது. அதில் வாக்காளர் தாம் முதலாவதாக விரும்புபவர் பெயருக்கு எதிரே 1 என்றும், அவர் கிடைக்காவிடில் யாரை விரும்புவாரோ அவர் பெயருக்கு எதிரே 2 என்றும், அதற்கடுத்தவருக்கு 3 என்றும் எண்ணிட்டுச் செல்வார். முதலில் எல்லாச் சீட்டுகளிலும் உள்ள 1 என்னும் விருப்பம் மட்டும் எண்ணப்படும். எவரேனும் பாதிக்கு மேற்பட்ட வாக்குகளைப் பெற்றிருந்தால் அவரே வென்றவர். அவ்வாறு எவரும் பெறாவிடில், மிகக் குறைந்த வாக்குப் பெற்றவர் நீக்கப்படுவார். அவர்க்குரிய சீட்டுகள் வீணாவதில்லை. ஒவ்வொரு சீட்டிலும் அடுத்தபடியாக யார் குறிக்கப்பட்டிருக்கிறாரோ, அவருடைய கட்டில் அச்சீட்டு சேர்க்கப்படும். ஒருவர் பாதிக்கு மேல் எய்தும்வரை இவ்வாறே சுற்றுச் சுற்றாக எண்ணிக்கை நடைபெறும்.

நமக்கு இம்முறை முற்றிலும் புதியதன்று. நம் நாட்டுக் குடியரசுத் தலைவரைச் சட்டமன்றங்களுக்கும் நாடாளுமன்றத்துக்கும் தேர்ந்தெடுக்கப்பெற்ற உறுப்பினர்கள் இவ்வாறு விருப்ப வரிசையிட்டே தேர்ந்தெடுக்கின்றனர். 1969ஆம் ஆண்டில் வி. வி. கிரி அவர்கள் முதல் விருப்ப வாக்குகளைக் கொண்டு மட்டும் வெற்றி எய்தவில்லை. நீக்கப்பட்டவர்களின் சீட்டுகளில் இருந்த அடுத்த விருப்பங்களும் சேர்க்கப்பட்ட பின்னரே வென்றார். இலங்கையில் குடியரசுத் தலைவர் தேர்தலில் வாக்காளர் மூன்று விருப்பங்கள் வரை குறிக்கலாம். ஆயினும் இரண்டாவது எண்ணிக்கைக்கு 2024ஆம் ஆண்டில்தான் முதன்முறையாகத் தேவை ஏற்பட்டது. அயர்லாந்து நாட்டில் 1920ஆம் ஆண்டு முதல் உள்ளாட்சித் தேர்தல்கள் விருப்ப வரிசை முறையில் நடந்து வருகின்றன. அமெரிக்காவிலும் சான்பிரான்சிஸ்கோ முதலிய பல நகரங்கள் நகராட்சித் தேர்தலுக்கு இதனைக் கைக்கொண்டுள்ளன.

இத்தகைய தேர்தல் முடிந்தபின், அதன் முடிவை மக்களுக்கு எவ்வாறு எடுத்துரைப்பது? சீட்டில் பல செய்திகள் உள்ளன. ஒரே எண்ணை மட்டும் கூறி நிறுத்திக்கொண்டால் மற்றச் செய்திகள் மறைந்துபோகும். எல்லாவற்றையும் கொட்டிவிட்டாலோ கேட்போர் திகைப்பர். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வழியை அறிதற்கு ஒரு சிறு நகரத்தின் தேர்தலை நாம் எடுத்துக்கொள்வோம்.

அமெரிக்காவில் வெர்மாண்ட் என்னும் மாநிலத்தில், சாம்ப்ளேன் ஏரிக்கரையில் அமைந்தது பர்லிங்டன் நகரம். அந்நாளில் அதன் மக்கள்தொகை ஏறத்தாழ 42,000. நம் நாட்டில் ஒரு நடுத்தர நகராட்சியின் அளவே எனலாம். அந்நகரத்தார் தம் மேயரை 2006ஆம் ஆண்டிலும் 2009ஆம் ஆண்டிலும் விருப்ப வரிசை முறையில் தேர்ந்தெடுத்தனர். 2009 மார்ச்சுத் தேர்தலில் முற்போக்குக் கட்சியைச் சேர்ந்த பாப் கிஸ், குடியரசுக் கட்சியைச் சேர்ந்த கர்ட் ரைட், ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த ஆண்டி மாண்ட்ரோல், சுயேச்சையாக நின்ற டான் ஸ்மித், பசுமைக் கட்சியைச் சேர்ந்த ஜேம்ஸ் சிம்ப்சன் ஆகிய ஐவர் போட்டியிட்டனர். சீட்டில் இல்லாத பெயர்களைத் தாமே எழுதி வாக்களித்தோரும் சிலர் இருந்தனர். பாப் கிஸ் அப்போது பதவியில் இருந்த மேயர். எண்ணிக்கையின் முடிவு வருமாறு:

| வேட்பாளர் | முதற்சுற்று | இரண்டாம் சுற்று | மூன்றாம் சுற்று |
|---|---|---|---|
| கிஸ் | 2585 | 2981 | 4313 |
| ரைட் | 2951 | 3294 | 4061 |
| மாண்ட்ரோல் | 2063 | 2554 | – |
| ஸ்மித் | 1306 | – | – |
| சிம்ப்சன் | 35 | – | – |
| எழுதப்பட்ட பெயர்கள் | 36 | – | – |
| தீர்ந்த சீட்டுகள் | – | 147 | 602 |
| மொத்தம் | 8976 | 8976 | 8976 |

முதற்சுற்றில் ரைட் முன்னணியில் நின்றார். ஆயினும் அவர் பெற்றது நூற்றுக்கு 33 வாக்குகளே. ஸ்மித்தும், வெல்ல வாய்ப்பே இல்லாத சிம்ப்சனும், எழுதப்பட்ட பெயர்களும் ஒருங்கே நீக்கப்பட்டனர். இரண்டாம் சுற்றில் மாண்ட்ரோல் மூன்றாமிடத்தில் நின்றமையால் அவரும் நீக்கப்பட்டார். இறுதியில் கிஸ் 252 வாக்கு மிகுதியாகப் பெற்று வென்றார்.

அட்டவணையின் கடைசி இரு வரிகளை நோக்குங்கள். பல செய்தித்தாள்கள் இவ்வரிகளை விட்டுவிடுவது வழக்கம். என் கருத்தில் அட்டவணையின் உயிர்நாடியே அவைதாம். ஒரு வாக்காளர் ஸ்மித் ஒருவருக்கே எண்ணிட்டு, மற்றவர் எவருக்கும் எண்ணிடாமல் விட்டார் என்று கொள்வோம். ஸ்மித் நீக்கப்பட்டதும் அச்சீட்டு செல்லுதற்கு வேறிடம் இல்லை. அதனையே தீர்ந்த சீட்டு என்கிறோம். அது செல்லாத சீட்டு அன்று. செல்லத்தக்கதாய் இருந்து, தன் பயணத்தை இடையில் முடித்துக்கொண்ட சீட்டு. அயர்லாந்து நாட்டு அட்டவணைகளில் இவற்றுக்கெனத் தனி வரி இடப்படுவது நெடுநாளைய மரபு. அவ்வரி இருந்தால்தான் ஒவ்வொரு சுற்றின் மொத்தமும் முதற்சுற்றின் மொத்தத்தோடு ஒத்திருக்கும். ஒத்திராவிடில் எங்கோ பிழை உண்டு என்பது உடனே புலப்படும். கடைக்காரர் மாலையில் கல்லாவைக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்ப்பது போன்றதே இது.

இவ்வரியை விடுவதனால் நேரும் மற்றொரு குறையும் உண்டு. கிஸ் நூற்றுக்கு எத்தனை பங்கு பெற்றார்? இறுதிச் சுற்றில் எஞ்சிய 8374 சீட்டுகளைக் கொண்டு கணக்கிட்டால் அவர் பெற்றது 51.5 விழுக்காடு, பாதிக்கு மேல். முதலில் எண்ணப்பட்ட 8976 சீட்டுகளைக் கொண்டு கணக்கிட்டால் 48.1 விழுக்காடு, பாதிக்குக் கீழ். இரண்டும் மெய்யே. கிஸ்ஸின் நண்பர் முன்னதையும், அவர்தம் எதிரிகள் பின்னதையும் எடுத்துப் பேசுவர். எதனைப் பகுதியாக வைத்துக்கொண்டு விழுக்காடு கண்டோம் என்பதைக் கூறாமல் வெறும் விழுக்காட்டை மட்டும் அச்சிடுவது நேர்மையான எடுத்துரைப்பு ஆகாது.

அடுத்து, ஒரு சுற்றிலிருந்து மறுசுற்றுக்குச் சீட்டுகள் எங்கெங்கே சென்றன என்பதைக் காண்போம். மாண்ட்ரோல் நீக்கப்பட்டபோது அவர் கட்டில் இருந்த சீட்டுகள் 2554. அவற்றுள் 1332 கிஸ்ஸுக்கும், 767 ரைட்டுக்கும் சென்றன; 455 தீர்ந்தன. மூன்றையும் கூட்டினால் 2554 வருகிறதா என்று நீங்களே சரிபார்த்துக்கொள்ளலாம். இந்த 1332 பேரையும் ‘மாண்ட்ரோலை முதலாவதாகவும் கிஸ்ஸை இரண்டாவதாகவும் விரும்பியவர்கள்’ என்று எழுதிவிடுவோர் உளர். அது பொருந்தாது. மாண்ட்ரோலின் 2554 சீட்டுகளுள் 491 அவருக்கு முதற்சுற்றில் உரியனவாய் இருந்தவை அல்ல. ஸ்மித் முதலியோர் நீக்கப்பட்டதனால் வந்து சேர்ந்தவை. அச்சீட்டுகளில் கிஸ் பெற்றிருந்த இடம் மூன்றாவதாகவோ நான்காவதாகவோதான் இருத்தல் கூடும். எனவே, ‘மாற்றப்பட்ட வாக்கு’ என்று கூறுவதே பொருத்தம். ‘இரண்டாம் விருப்ப வாக்கு’ என்பது வேறு.

இங்கே கூர்ந்து நோக்க வேண்டிய செய்தி ஒன்று உள்ளது. ரைட்டின் கட்டில் இருந்த 3294 சீட்டுகள் இறுதிவரை அவரிடமே இருந்துவிட்டன. ஆதலால் அச்சீட்டுகளில் ரைட்டுக்கு அடுத்தபடியாக யார் பெயர் குறிக்கப்பட்டிருந்தது என்பதை எண்ணிக்கை முறை ஒருபோதும் திறந்து பார்க்கவில்லை. கிஸ்ஸின் சீட்டுகளுக்கும் அவ்வாறே. பெட்டிக்குள் இருந்த செய்தியுள் பெரும்பகுதி இவ்வாறு படிக்கப்படாமலே நின்றுவிட்டது. சுற்று அட்டவணை எவ்வளவு நேர்த்தியாக இருப்பினும் அச்செய்தியை அது காட்டாது.

பர்லிங்டன் நகர அலுவலர் சீட்டுகள் அனைத்திலும் இருந்த வரிசைகளைப் பெயரின்றி வெளியிட்டிருந்தனர். அதனால் கணித அறிஞர் அவற்றை மீண்டும் எண்ணிப் பார்க்க இயன்றது. அவர்கள் எண்ணிய முறை எளியது. இருவரை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு சீட்டிலும் இவ்விருவருள் முன்னே குறிக்கப்பட்டவர் யார் என்று பார்த்தனர். ரைட்டையும் மாண்ட்ரோலையும் அவ்வாறு ஒப்பிட்டபோது, மாண்ட்ரோலை முன்வைத்தோர் ஏறத்தாழ 4600 பேர். ரைட்டை முன்வைத்தோர் ஏறத்தாழ 3670 பேர். கிஸ்ஸையும் மாண்ட்ரோலையும் ஒப்பிட்டபோது, மாண்ட்ரோலை முன்வைத்தோர் 4060 பேருக்கு மேல். கிஸ்ஸை முன்வைத்தோர் 3480 பேருக்குக் கீழ். மற்றவர்களையும் அவர் எளிதில் வென்றார். சுருங்கக் கூறின், எவரோடு தனித்து நின்றிருந்தாலும் வென்றிருக்கக் கூடியவர் மாண்ட்ரோல். அவரோ இரண்டாம் சுற்றிலேயே நீக்கப்பட்டுவிட்டார்!

இஃது எவ்வாறு நேர்ந்தது? ரைட்டை முதலாவதாக விரும்பியோர் பலர் மாண்ட்ரோலை இரண்டாவதாகக் குறித்திருந்தனர். கிஸ்ஸை விரும்பியோருள்ளும் பலர் அவ்வாறே செய்தனர். இரு சாராருக்கும் நடுவே நின்ற மாண்ட்ரோல் பலருக்கு இரண்டாமவராகவும், சிலருக்கே முதல்வராகவும் இருந்தார். முதல் விருப்பத்தைக் கொண்டே நீக்குதல் நடைபெறும் முறையில் அவ்வாறு நடுவே நிற்பவர் விரைவில் வெளியேறிவிடுகிறார்.

ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இரண்டாம் சுற்றில் ரைட்டுக்கு 3294, மாண்ட்ரோலுக்கு 2554, வேறுபாடு 740. மாண்ட்ரோலைக் கிஸ்ஸைவிட மேலாகக் கருதிய ரைட்டின் ஆதரவாளருள் 371 பேர் மட்டும், தம் உள்ளத்து விருப்பத்தை மறைத்து, மாண்ட்ரோலை முதலிடத்தில் குறித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? மாண்ட்ரோலுக்கு 2925, ரைட்டுக்கு 2923 என்றாகி, ரைட் நீக்கப்பட்டிருப்பார். இறுதிப் போட்டியில் மாண்ட்ரோல் கிஸ்ஸை வென்றிருப்பார். அந்த 371 பேரும் தாம் விரும்பாத கிஸ் மேயராவதைத் தடுத்திருப்பர். தம் விருப்பத்தை உண்மையாகக் குறித்தமையால் அவர்கள் இழப்பே எய்தினர். விருப்ப வரிசை முறையில் வாக்காளர் அஞ்சாமல் உண்மையாகக் குறிக்கலாம் என்று அதன் ஆதரவாளர் கூறிவந்தனர். பெரும்பாலும் அஃது உண்மை. எப்போதும் உண்மையன்று என்பதைப் பர்லிங்டன் காட்டிவிட்டது.

ஆனால் இதனைக் கொண்டு மட்டும் அத்தேர்தல் முறை தவறானது என்று முடிவு கட்டுதல் அவசரமாகும். மாண்ட்ரோலை முதலாவதாக விரும்பியோர் நூற்றுக்கு 23 பேரே. எல்லாருக்கும் ஓரளவு பிடித்தவர் தலைவராக வேண்டுமா, ஒரு சாராருக்கேனும் மிகவும் பிடித்தவர் தலைவராக வேண்டுமா என்பது கணக்கால் தீரும் வினா அன்று. மேலும், அந்நகரத்தார் பின்னர் மேற்கொண்ட முறையில் நூற்றுக்கு 40 வாக்குப் பெறுபவரே நேரே வெல்வார். அத்தொகையை எவரும் எய்தாவிடில் முதலிருவரும் மீண்டும் போட்டியிட வேண்டும். அம்முறையை 2009ஆம் ஆண்டு வாக்குகளுக்குப் பொருத்திப் பார்த்தால், மறுபோட்டிக்குச் சென்றிருப்போர் ரைட்டும் கிஸ்ஸுமே. மாண்ட்ரோல் அங்கும் வெளியேறியே இருப்பார்.

மறு ஆண்டு, அதாவது 2010 மார்ச்சில், அந்நகரத்தார் 3972 வாக்குக்கு 3669 என்ற கணக்கில் விருப்ப வரிசை முறையைக் கைவிட்டனர். மேற்கூறிய கணக்கு ஒன்றே அதற்குக் காரணம் என்று சொல்வதற்கில்லை. முதற்சுற்றில் முன்னணியில் நின்றவர் தோற்றதைப் பொறாதவர் சிலர். நகராட்சி நடத்திய தொலைத்தொடர்பு நிறுவனத்தின் பணமுடை காரணமாக மேயர்மீது சினம் கொண்டோர் சிலர். பதினொரு ஆண்டுகள் கழிந்தபின், 2021ஆம் ஆண்டில், நகர்மன்ற உறுப்பினர் தேர்தலுக்கும், 2023ஆம் ஆண்டில் மேயர் தேர்தலுக்கும் அதே முறையை வாக்களித்து மீட்டுக்கொண்டனர்.

முடிவை எடுத்துரைப்பவர் எந்தப் பக்கம் சாய்ந்தவராயினும், சுற்று அட்டவணையோடு இவ்விருவர் ஒப்பீட்டையும் சேர்த்துக் கொடுத்தால் படிப்பவர் தாமே எண்ணிப் பார்க்க இடமுண்டு. படம் வரைந்து காட்டுவோர் சுற்றுக்கு ஒரு நீண்ட பட்டை வரைந்து, வேட்பாளர்க்கு ஒரு நிறம் அமைத்து, தீர்ந்த சீட்டுகளைச் சாம்பல் நிறத்தில் காட்டினால் போதும். எல்லாப் பட்டைகளும் ஒரே நீளமாக இருத்தல் வேண்டும். இறுதிச் சுற்றின் பட்டையைக் குறுக்காமலும் நீட்டாமலும் வரைவது சிறு செய்தி போலத் தோன்றும். ஆயினும் 602 பேரைக் காட்டுவதும் மறைப்பதும் அதில்தான் இருக்கின்றன.

மொத்தத்தைச் சரிபாராது வெளியிடுவதன் விளைவை நியூயார்க் நகரம் 2021ஆம் ஆண்டில் கண்டது. அவ்வாண்டு ஜூன் 29ஆம் நாள் மேயர் பதவிக்கான கட்சி வேட்பாளர் தேர்தலின் சுற்று முடிவுகளைத் தேர்தல் வாரியம் வெளியிட்டது. தேர்தல் இரவில் கூறிய மொத்தத்தைவிட அதில் இலட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் மிகுந்திருந்தன. இயந்திரத்தைச் சோதித்துப் பார்ப்பதற்காக முன்னர் இட்ட ஏறத்தாழ 1,35,000 மாதிரிச் சீட்டுகளை நீக்காமல் மெய்யான வாக்குகளோடு சேர்த்து எண்ணிவிட்டனர்! அன்றிரவே அம்முடிவு திரும்பப் பெறப்பட்டது. திருத்திய எண்ணிக்கையில் எரிக் ஆடம்ஸ் 7197 வாக்கு மிகுதியாகப் பெற்று வென்றார்.

அப்பிழை விரைவில் வெளிப்பட்டது. எவருக்கும் பதவி மாறவில்லை. கலிபோர்னியா மாநிலத்து ஓக்லண்ட் நகரில் நிகழ்ந்ததோ அவ்வளவு எளிதில் வெளிப்படாத பிழை. 2022 நவம்பரில் அந்நகரக் கல்விக்குழுவின் நான்காம் வட்டாரத்துக்கு மூவர் போட்டியிட்டனர். வாக்காளர் சிலர் சீட்டில் முதல் விருப்பத்துக்குரிய இடத்தை வெறுமையாக விட்டு, இரண்டாம் விருப்பத்துக்குரிய இடத்தில் பெயரைக் குறித்திருந்தனர். விதியின்படி அவ்விரண்டாம் விருப்பத்தையே முதல் விருப்பமாகக் கொண்டு எண்ணுதல் வேண்டும். ஆனால் எண்ணும் இயந்திரத்தில் அவ்விதி அமைக்கப்படவில்லை. முதற்சுற்றில் அச்சீட்டுகள் எவருக்கும் சேராமல் நின்றன. அவ்வட்டாரத்தில் அத்தகைய சீட்டுகள் 235 மட்டுமே. ஆயினும் மூவருள் முதலில் நீக்கப்படுபவர் யார் என்பதை மாற்றுதற்கு அவையே போதியனவாயின. நிக் ரெஸ்னிக் என்பவர் வென்றதாக முறைப்படி சான்று வழங்கப்பட்டது. உண்மையில் வென்றவர் மைக் ஹட்சின்சன்.

பிழையைக் கண்டறிந்தவர் தேர்தல் அலுவலர் அல்லர். அலுவலகம் வெளியிட்டிருந்த சீட்டுப் பதிவுகளை எடுத்துத் தாமே எண்ணிப் பார்த்த வெளியமைப்புகளே அதனைக் கண்டு கூறின. டிசம்பர் இறுதியில் தேர்தல் அலுவலகம் பிழையை ஒப்புக்கொண்டது. 2023ஆம் ஆண்டில் ரெஸ்னிக் பதவியினின்று விலகினார். வழக்கு நீதிமன்றம் சென்று, ஹட்சின்சனே வென்றவர் எனத் தீர்ப்பாயிற்று. சுற்று அட்டவணை ஒன்றை மட்டும் அச்சிட்டுச் சீட்டுப் பதிவுகளைப் பூட்டி வைத்திருந்தால் அவ்வட்டாரத்து மக்கள் தாம் தேர்ந்தெடுக்காத ஒருவரைத் தம் பேராளர் என்றே நம்பியிருப்பர்.

எனினும் சீட்டுகளை வெளியிடுவதிலும் ஓர் இடர்ப்பாடு உண்டு. ஐவர் போட்டியிடும் தேர்தலில், ஒருவருக்கு மட்டும் எண்ணிடுவது முதல் ஐவருக்கும் எண்ணிடுவது வரை, ஒரு சீட்டை 325 வகையாக வரிசைப்படுத்தலாம். பெரிய நகரில் ஒவ்வொரு வகையிலும் பலர் இருப்பர். முப்பது நாற்பது பேரே வாக்களித்த சிறு சாவடியிலோ, வழக்கத்துக்கு மாறான வரிசை ஒன்று ஒரே சீட்டில் காணப்படலாம். ‘நான் குறிக்கச் சொன்னபடியே குறித்தாயா?’ என்று ஒருவரை வற்புறுத்தியவர் அப்பதிவைப் பார்த்து உண்மையை அறிந்துகொள்ளவும் கூடும். மறைவாக வாக்களிக்கும் உரிமை அதனால் குறைவுறும். இதனைத் தவிர்த்தற்கு, சிறு சாவடிகளின் சீட்டுகளை அடுத்த சாவடிகளின் சீட்டுகளோடு கலந்து, வரிசை மாற்றி வெளியிடலாம். அவ்வாறு கலப்பதனால், எந்தத் தெருவில் எவருக்கு ஆதரவு என்று காட்டும் படம் சற்றுத் தெளிவு குறையும்; முழு நகரத்தின் மொத்தமோ சிறிதும் மாறாது.